பல்லுக்குள் வலி: எந்த அறிகுறிக்கு என்ன செய்வது

"பல்லு வலி, உயிர் போகுது." கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் ஒரு பல் கிளினிக்கில் கவுண்டரையும் டாக்டருக்குப் பக்கத்து நாற்காலியையும் மாறி மாறிப் பார்க்கிறவள் நான். போனில் அதிகம் கேட்கிற வாக்கியம் இதுதான். ஆனால் வலி எவ்வளவு என்பதை வைத்து டாக்டரால் பெரிதாக எதுவும் சொல்ல முடியாது. எது பட்டால் வலிக்கிறது, பட்டது போன பிறகும் எத்தனை விநாடி நிற்கிறது, எந்தப் பல் என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறதா? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. மூன்றையும் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். பார்த்துவிட்டு, கீழே உங்கள் அறிகுறி எங்கே இருக்கிறதோ அங்கே போங்கள். எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. அடுத்த பகுதியை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம்.

முதலில்: பல் கிளினிக்கைத் தேடாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்கள்

தாடைக்கு அடியிலோ கழுத்திலோ வீக்கம் பரவுகிறது. நாக்கு மேலே தூக்கிக்கொண்டு பேச்சு குழறுகிறது. எச்சில் விழுங்க முடியாமல் வழிகிறது. வாய் இரண்டு விரல் அகலம்கூடத் திறக்கவில்லை. கண்ணை மூடும் அளவுக்குக் கன்னம் வீங்கிவிட்டது. காய்ச்சலும் நடுக்கமும் சேர்ந்திருக்கிறது. இதில் ஒன்று இருந்தாலும் அப்பாயின்மெண்ட் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். கோலாலம்பூரில் இருந்தால் கோலாலம்பூர் மருத்துவமனை, பினாங்கில் இருந்தால் பினாங்கு மருத்துவமனை, இல்லை பக்கத்தில் எது இருக்கிறதோ அந்த அவசரப் பிரிவு. மூச்சு விடச் சிரமம் என்றால் அவசர எண் 999. பல்லில் தொடங்கிய கிருமி வாயின் அடித்தளத்துக்கு இறங்கினால் மூச்சுக்குழாயையே அடைத்துவிடும்.

இனிப்பு நீர் உள்ளவர்கள் இன்னும் சீக்கிரம் கிளம்ப வேண்டும். 2019இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நம் வீடுகளில் அது இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாத உடம்பில் இந்தத் தொற்று வேகமாகப் பரவும். தொற்று இருந்தால் சர்க்கரையும் ஏறும்.

உள்ளே நடப்பது என்ன

பல்லின் வெளி ஓடு எனாமல், அதற்குள் டென்டின், நடுவில் பற்கூழ். நாம் பொதுவாக "நரம்பு" என்று சொல்வது இந்தக் கூழைத்தான். அதில் நரம்போடு ரத்தக் குழாய்களும் உண்டு. சொத்தை ஆழமாகப் போய்க் கிருமி பக்கத்தில் வந்ததும் கூழ் அழற்சி அடைகிறது. கையில் அடிபட்டால் சதை வீங்கி இடம் பிடித்துக்கொள்ளும். பல்லுக்குள் சுற்றிலும் கெட்டிச் சுவர், வீங்க இடமில்லை. அழுத்தம் ஏறுகிறது, ரத்த ஓட்டம் தடுமாறுகிறது, கூழ் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறது.

இதற்கெல்லாம் மூலம் கிருமிதான் என்பதற்கு 1965இல் வந்த ஒரு எலி ஆராய்ச்சி இன்றும் எடுத்துக்காட்டு. கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்த எலிகளின் பற்கூழைத் திறந்து அப்படியே விட்டார்கள். வாயில் சாப்பாடு அடைந்தும்கூட அவற்றின் கூழ் தானாக ஆறி, மேலே புது டென்டின் பாலம் கட்டிக்கொண்டது. சாதாரண எலிகளின் கூழ் செத்தது. கிருமியை உள்ளே விடாமல் அடைப்பதற்கு டாக்டர்கள் இவ்வளவு மெனக்கெடுவது இதனால்தான்.

"செண்டோல் குடிச்சா சுருக்குங்குது, விழுங்கினதும் போயிடுது"

இருப்பதிலேயே நல்ல செய்தி இது. ஜில்லென்றோ இனிப்பாகவோ பட்டால் சுருக், பொருள் போனதும் இரண்டு மூன்று விநாடியில் வலியும் போய்விடுகிறது, சும்மா இருக்கும்போது ஒன்றுமே இல்லை என்றால் கூழ் எரிச்சலில் இருக்கிறது, ஆனால் மீளக்கூடிய நிலை. சொத்தையைச் சுரண்டி அடைத்தால் பல் பழையபடி ஆகிவிடும்.

ஒரே ஒரு பல் கூசுகிறதா, வரிசையாகப் பல பற்களா என்று பாருங்கள். பல பற்கள் என்றால் பெரும்பாலும் ஈறு இறங்கி வேர்ப்பகுதி வெளியே தெரிவதுதான் காரணம். அழுத்தி அழுத்தித் தேய்ப்பவர்களுக்கும் பாக்கு மெல்லுகிறவர்களுக்கும் இது வரும். பொட்டாசியம் நைட்ரேட் உள்ள கூச்சப் பற்பசையும் மெதுவான பிரஷும் போதும். பலன் தெரியச் சில வாரம் ஆகும், இரண்டு நாளில் "வேலை செய்யல" என்று தூக்கிப் போட வேண்டாம். ஒரே பல் என்றால் பற்பசையை நம்பிக் காலம் தள்ளாதீர்கள். அங்கே சொத்தையோ உடைந்த அடைப்போ இருக்கும். இந்த மாதத்துக்குள் போய்க் காட்டுங்கள்.

புதிதாகப் பல் அடைத்த பிறகு வரும் கூச்சமும் இந்த வகைதான். இரண்டு மூன்று வாரத்தில் குறைந்துகொண்டே வர வேண்டும். கூடிக்கொண்டே போனால் அடுத்த பகுதியைப் படியுங்கள்.

"கோப்பி குடிச்சா ஆரம்பிச்சு நிக்கவே மாட்டேங்குது; ராத்திரி தூக்கமே இல்ல"

குளிர்ந்த தண்ணீரை ஒரு மடக்கு வாயில் அந்தப் பக்கம் வைத்து விழுங்கிவிட்டு, ஒன்று இரண்டு என்று எண்ணுங்கள். முப்பதைத் தாண்டியும் வலி போகாமல் இருந்தால், சூடு பட்டால் இன்னும் மோசமானால், எதுவுமே படாமல் தானாக விண் விண்ணென்று தெறித்தால், கூழ் மீள முடியாத நிலைக்குப் போய்விட்டது என்றுதான் டாக்டர் சந்தேகிப்பார். கூர்மையாகச் சுருக்கென்று குத்தும் வலியைக் கடத்துவது ஒருவகை நரம்பிழை. மந்தமாக, ஆழத்திலிருந்து நீண்டு வலிப்பதைக் கடத்துவது வேறு வகை. இரண்டாவது வகை முன்னுக்கு வந்துவிட்டால் உள்ளே சேதம் அதிகம்.

படுத்ததும் வலி கூடுவதற்குக் காரணம் உண்டு. தலைக்கு ரத்தம் கூடுதலாகப் போகும்போது, ஏற்கெனவே இடமில்லாத அந்த அறைக்குள் அழுத்தம் இன்னும் ஏறுகிறது. இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்து படுத்தால் கொஞ்சம் அடங்கும்.

இந்த நிலையின் கடைசிக் கட்டத்தை ஒருமுறை பார்த்தால் மறக்காது. செந்தூலிலிருந்து ஒரு ஆன்ட்டி வந்தார், கையில் ஐஸ் போட்ட தண்ணீர் பாட்டில். ஒரு மடக்கு வாயில் வைக்கிறார், கொஞ்ச நேரம் கழித்து விழுங்குகிறார், மறுபடி ஒரு மடக்கு. மூடியைத் திருகி மூடக்கூட இல்லை.

"ஆன்ட்டி, ஜில்லுனு பட்டா வலிக்குதா?"

"இல்லம்மா, அது இருக்கறதாலதான் உக்காந்திருக்கேன். வாய்ல தண்ணி சூடானா போதும், மறுபடி ஆரம்பிச்சிடும்."

டாக்டர் அவருடைய கார்டைத் திறப்பதற்கு முன்பே நான் ரூட் கெனல் (கூழை எடுத்துவிட்டு வேர்க் கால்வாயை அடைக்கும் சிகிச்சை) ட்ரேயை எடுத்து வைத்துவிட்டேன். சூடு வலிக்கும், குளிர் ஆற்றும் என்று வருகிற பல்லை அடைத்து அனுப்பி நான் பார்த்ததில்லை.

இந்த அறிகுறி இருந்தால் நாளைக்கே, முடிந்தால் இன்றைக்கே. அரசாங்கப் பல் கிளினிக்குக்குக் காலையில் கதவு திறக்கும் நேரத்துக்குப் போய், கவுண்டரில் இரவெல்லாம் தூங்கவில்லை என்பதை முதலில் சொல்லுங்கள். மலாயில் "சாக்கிட் கிகி", பல்வலி, என்று மட்டும் சொன்னால் கூச்சத்துக்கு வந்தவரோடு சேர்த்து உங்களையும் வரிசையில் உட்கார வைத்துவிட வாய்ப்பு உண்டு.

"வலிக்குது, ஆனா எந்தப் பல்லுன்னே தெரியல"

நீங்கள் குழம்புவதாக யாரும் நினைக்க மாட்டார்கள். பற்கூழுக்கு வலி தெரியும், இடம் தெரியாது. கீழ்க்கடவாய்ப் பல் கெட்டால் காது வலிக்கும், மேல்பல் கெட்டால் கீழ்வரிசை வலிக்கும். ஒன்று மட்டும் நிச்சயம், பல்வலி வலது பக்கத்திலிருந்து இடது பக்கம் தாண்டாது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வலித்தால் ஒரு பல்லைக் குற்றம் சொல்ல முடியாது.

அதனால், "இந்தப் பல்லதான் புடுங்குங்க" என்று நீங்களே முடிவு செய்துகொண்டு வராதீர்கள். டாக்டர் கண்டுபிடிக்கும் விதம் எளிமையானது. சாமணத்தில் சின்னப் பஞ்சு உருண்டையைப் பிடித்து நான் குளிர் ஸ்பிரே அடிப்பேன், ஒரு நொடியில் அதன் மேல் வெள்ளையாகப் பனி பூக்கும். முதலில் நல்ல பல்லில் வைப்பார், உங்களுக்கு எது சாதாரணம் என்று தெரிவதற்காக. பிறகு சந்தேகப்படும் பல். "தெரிஞ்சதும் கைய தூக்குங்க, போனதும் இறக்குங்க" என்பார். கை மேலேயே நின்றுவிட்டால் விஷயம் புரிந்துவிடும். கை எழும்பவே இல்லை என்றாலும் புரிந்துவிடும். அப்புறம் வாய்க்குள் பார்க்கும் கண்ணாடியின் கைப்பிடியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டுவார். எக்ஸ்ரே சொத்தையின் ஆழத்தையும் வேர் நுனி எலும்பையும் காட்டும், கூழின் அழற்சியைக் காட்டாது. "எக்ஸ்ரேல ஒண்ணுமில்ல" என்பது பல்லுக்குள் ஒன்றுமில்லை என்று ஆகாது.

"போன வாரம் வலிச்சது, இப்ப தானா நின்னுடுச்சு"

நாங்கள் மிகவும் பயப்படுவது இந்த போனுக்குத்தான். "அப்பாயின்மெண்ட் வேணாம்மா, சரியாயிடுச்சு." இரவெல்லாம் தெறித்த பல் சிகிச்சை இல்லாமல் சட்டென்று அமைதியானால், பெரும்பாலும் கூழ் செத்துவிட்டது. வலிக்க நரம்பு இல்லை, அவ்வளவுதான். கிருமிக்கு அந்தக் காலி அறை வசதியாகப் போகிறது. ரத்த ஓட்டம் இல்லாததால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் அங்கே எட்டாது. சில வாரமோ சில மாதமோ கழித்து, வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கும்.

மறுபடி ஜில்லென்று தண்ணீர் வைத்துப் பாருங்கள். பக்கத்துப் பல்லில் தெரிகிறது, இந்தப் பல்லில் குளிர்ச்சியே தெரியவில்லை என்றால் ரத்து செய்த அப்பாயின்மெண்டைத் திரும்ப வாங்குங்கள். பல் சாம்பல் நிறத்துக்கு மாறியிருந்தாலும் அப்படித்தான். எப்போதோ பைக்கிலிருந்து விழுந்து முன்பல்லில் அடிபட்டவர்களுக்கு இது வருடங்கள் கழித்துக்கூட வரும்.

"கடிச்சா வலிக்குது"

மூன்று காரணங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

புதிதாக அடைத்த பல் என்றால் அடைப்பு ஒரு மயிரிழை உயரமாக இருக்கலாம். பல்லைச் சேர்க்கும்போது அந்த இடம்தான் முதலில் இடிக்கும். திரும்பப் போனால் ஐந்து நிமிடத்தில் தேய்த்துச் சரிசெய்துவிடுவார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு வாரக்கணக்கில் இருக்க வேண்டாம்.

கடிக்கும்போது சில கோணத்தில் மட்டும், அதுவும் கடித்து விடும்போது சுருக்கென்றால் பல்லில் விரிசல். தீபாவளி முடிந்த வாரம் எங்களுக்கு முறுக்கு வாரம். அதைத் தவிர மாமாக் கடை எலும்புச் சூப்பு, தே ஐஸ் கிளாஸின் அடியில் மிஞ்சும் ஐஸ் கட்டி, தூக்கத்தில் பல் கடிப்பது. விரிசல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. சீக்கிரம் வந்தால் மேலே உறை போட்டுக் காப்பாற்றலாம். வேர்வரை பிளந்துவிட்டால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. அதனால் அந்தப் பக்கம் மெல்லுவதை இன்றே நிறுத்துங்கள்.

கடிக்கும்போதெல்லாம் வலி, விரலால் தட்டினாலும் வலி, பல் கொஞ்சம் உயர்ந்துவிட்டதுபோல் இருக்கிறது, இப்போது எந்தப் பல் என்று துல்லியமாகக் காட்டவும் முடிகிறது என்றால் அழற்சி கூழைத் தாண்டி வேர் நுனிக்கு வந்துவிட்டது. வேரைச் சுற்றியுள்ள திசுவுக்கு இடம் தெரியும், அதனால்தான் அடையாளம் காட்ட முடிகிறது. இந்த வாரத்துக்குள் போய்க் காட்டுங்கள்.

"ஈறுல சின்னக் கொப்புளம், அமுக்கினா சீழ் வருது, வலி இல்ல"

சீழ் வெளியேற ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டது, அதனால் அழுத்தமில்லை, வலியில்லை. பல் செத்துக் கொஞ்ச நாள் ஆகியிருக்கும். ஊசியால் குத்தாதீர்கள். உப்புத் தண்ணீரில் கொப்பளித்துக்கொண்டு அப்பாயின்மெண்ட் எடுங்கள். வழி அடைபட்டால் ஒரே இரவில் கன்னம் வீங்கும்.

"மாத்திரை போட்டும் அடங்கல"

பெரியவர்களுக்கு, வேறு நோய் இல்லாதவர்களுக்கு, பல்வலியை நன்றாக அடக்குவது இரண்டு மருந்தைச் சேர்த்து எடுப்பது: சாப்பிட்ட பிறகு இபுபுரோஃபென் 400 மில்லிகிராம், அதோடு பாராசிட்டமால் 1000 மில்லிகிராம், அதாவது 500 மில்லிகிராம் பானாடோல் இரண்டு. ஆறு மணி நேரத்துக்கு முன் திரும்பப் போடக் கூடாது. டாக்டர் சொல்லாமல் நாளொன்றுக்கு இபுபுரோஃபென் மூன்று வேளைக்கு மேல் வேண்டாம். பாராசிட்டமால் 24 மணி நேரத்தில் எட்டு மாத்திரைதான் உச்சம். ஒருபக்கம் பானாடோல், இன்னொரு பக்கம் காய்ச்சல் சளி மருந்து என்று எடுத்தால் இரண்டிலும் பாராசிட்டமால் இருக்கும், கல்லீரல் தாங்காது.

போன்ஸ்தானும் இபுபுரோஃபென் வகைதான், இரண்டையும் சேர்க்காதீர்கள். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், இந்த வகை மாத்திரையால் ஆஸ்துமா கிளம்புகிறவர்கள், கர்ப்பிணிகள் இந்த வகையைத் தொட வேண்டாம், பாராசிட்டமால் மட்டும். நம் ஊருக்கு இன்னொன்றும் உண்டு: காய்ச்சலோடு உடம்பு வலி, டெங்கியாக இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் இபுபுரோஃபெனும் போன்ஸ்தானும் கூடவே கூடாது, ரத்தக் கசிவைக் கூட்டிவிடும். எது எடுப்பதானாலும் ஃபார்மசிஸ்டிடம் நீங்கள் ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளைச் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

கிராம்பு எண்ணெய் பொய்யில்லை. அதிலுள்ள யூஜினால் நரம்பை மரக்கச் செய்யும், பல் டாக்டர்கள் போடும் தற்காலிக அடைப்பிலும் அது உண்டு. பஞ்சில் ஒரு சொட்டு, பல்லின் ஓட்டையில் மட்டும். ஈறில் ஊற்றினால் வெந்துபோகும். ஆஸ்பிரினை ஈறில் வைத்து அடக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், வெள்ளையாகத் தோல் உரிந்த புண்ணோடு வருவார்கள்.

ஆன்டிபயாடிக் பற்றி எங்கள் கவுண்டரில் தினமும் ஒரு வாக்குவாதம் நடக்கும். "போன தடவை வேற கிளினிக்ல அமோக்சிசிலின் குடுத்தாங்க, நீங்க ஏன் குடுக்க மாட்டேங்கிறீங்க?" பல்லுக்குள் கூழ் அழற்சியால் வரும் வலியை ஆன்டிபயாடிக் குறைக்காது. செத்த கூழுக்கு ரத்தம் போவதில்லை, மருந்தும் போய்ச் சேராது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவர்களுக்கு இந்த வலிக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம், பல்லுக்குச் சிகிச்சை செய்யுங்கள் என்கிறது. காய்ச்சல், பரவும் வீக்கம் இருந்தால் கதை வேறு. அப்போதும் மருந்தோடு சேர்த்துப் பல்லையும் பார்த்தாக வேண்டும்.

டாக்டர் என்ன செய்வார், எவ்வளவு ஆகும்

கூழ் மீளக்கூடிய நிலை என்றால் அடைப்பு. சொத்தை கூழைத் தொட்டுவிட்டது, ஆனால் உள்ளே இன்னும் உயிர் இருக்கிறது என்றால் மேல்பகுதிக் கூழை மட்டும் எடுத்து மருந்துச் சிமெண்டால் மூடிப் பார்க்கலாம். அதையும் தாண்டிவிட்டால் ரூட் கெனல் அல்லது பிடுங்குவது, இரண்டில் ஒன்று.

ரூட் கெனல் என்றதும் முகம் சுருங்கும். மரத்துப்போன பிறகு செய்வதுதான், அந்தத் தெறிக்கும் வலி அதற்கு முந்திய இரவோடு முடிந்துவிடும். அழற்சி கடுமையாக உள்ள கீழ்க்கடவாய்ப் பல்லில் மட்டும் ஊசி சரியாகப் பிடிக்காமல் இன்னொன்று போட வேண்டி வரலாம், அதைத் தைரியமாகக் கேளுங்கள். பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு போட்டு, கூழை எடுத்து, கால்வாய்களைச் சுத்தம் செய்து, கிருமிநாசினியால் கழுவி, அடைத்து மூடுவார்கள். முன்பல்லில் பொதுவாக ஒரு கால்வாய். மேல் முதல் கடவாய்ப் பல்லில் பெரும்பாலும் நான்காவது ஒன்று ஒளிந்திருக்கும், அதைத் தவறவிட்டால் தொற்று திரும்ப வரும். அதனால்தான் கடவாய்ப் பல்லுக்கு நேரமும் காசும் கூட. கடைசியில் கால்வாயை நிரப்பும் கட்டாபெர்ச்சா நம் காட்டு மரத்துப் பால்தான். 19ஆம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறை போட வெள்ளைக்காரன் தீபகற்பத்துத் தாபான் மரங்களை வெட்டிக் குவித்தான். கம்பிக்கு வேறு உறை வந்துவிட்டது, பல்லுக்குள் இன்னும் அதுவே.

அரசாங்கப் பல் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட், சில சிகிச்சைகளுக்கு மேற்கொண்டு சிறு தொகை. கடவாய்ப் பல் ரூட் கெனலுக்கு நிபுணரிடம் அனுப்பினால் காத்திருக்க நேரிடும். தனியாரில் கடவாய்ப் பல்லுக்கு ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டலாம், உறைக்குத் தனிக்காசு. எல்லாவற்றையும் சேர்த்து முதலிலேயே எழுதி வாங்குங்கள். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்திலும், ஜாலான் ராஜா மூடா அப்துல் அஜிஸில் உள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்திலும் பல் மருத்துவ மாணவர்கள் ஆசிரியர் கண்காணிப்பில் சிகிச்சை செய்கிறார்கள். நேரம் பிடிக்கும், காசு மிச்சம்.

வீட்டுக்கே வந்து பல் அடைக்கிறேன் என்று போனில் விளம்பரம் போடுகிறவர்களிடம் வாயைத் திறக்காதீர்கள். கிளினிக் சுவரில் அந்த ஆண்டின் தொழில் சான்றிதழ் தொங்குகிறதா என்று பாருங்கள். மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவில்லாதவர் பல்லில் கை வைப்பது சட்டப்படி குற்றம்.

பிள்ளைகளுக்குப் பால்பல்தானே, விழுந்துவிடும் என்று விடாதீர்கள். பால்பல்லின் எனாமல் மெல்லியது, கூழ் பெரியது, சொத்தை சட்டென்று எட்டிவிடும். வேர் நுனித் தொற்று அடியில் வளரும் நிரந்தரப் பல்லையும் கெடுக்கும். 1949இல் பினாங்கில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே பல் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கிய நாடு இது. பள்ளிக்கூடத்துக்கு வருகிற குழுவின் கடிதத்தைப் பையின் அடியிலேயே கசங்க விடாமல் எடுத்துப் படியுங்கள். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

பல்லே காரணமில்லாமல் இருக்கலாம்

மேல்வரிசைக் கடவாய்ப் பற்கள் மூன்று நான்கு சேர்ந்து வலிக்கின்றன, குனிந்தால் கூடுகிறது, மூக்கடைப்பும் இருக்கிறது என்றால் சைனஸ். முகத்தைக் கழுவினாலோ காற்றுப் பட்டாலோ மின்சாரம் பாய்ந்ததுபோல் ஒரு நொடி வெட்டினால் முகத்து நரம்பு வலியாக இருக்கலாம். மாடிப்படி ஏறினால் கீழ்த்தாடை வலித்து, உட்கார்ந்தால் நிற்கிறது என்றால் அது இதயமாக இருக்கலாம், அன்றைக்கே பார்க்க வேண்டும். நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் சேர்ந்தால் 999.

"ரூட் கெனல் முடிஞ்சும் வலிக்குது"

இரண்டு மூன்று நாள் கடிக்கும்போது வலிப்பது வழக்கம், மேலே சொன்ன மாத்திரைக்கு அடங்கும். நாளுக்கு நாள் குறைய வேண்டும். நான்காம் நாள் கூடினால், வீக்கம் வந்தால், உடனே போன் செய்யுங்கள். தற்காலிக அடைப்பு விழுந்துவிட்டால் அன்றே வாருங்கள், எச்சில் உள்ளே போனால் செய்ததெல்லாம் திரும்பச் செய்ய வேண்டி வரும். கடவாய்ப் பல்லாக இருந்தால் சில வாரத்துக்குள் உறை போட்டுவிடுங்கள். உறை போடும்வரை அந்தப் பக்கம் எலும்பு கடிக்க வேண்டாம்.